முப்பது கிலோ

மேடத்தின் குளியலறைத் தராசில்
முதலில் நான் தனியே ஏறி நின்றேன்: ஐம்பது.
பிறகு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி: எண்பத்துநாலு.
கழித்துப் பார்த்தேன்.
நாலு கிலோ கூட.

எதை எடுக்கிறது?
கோடாலித் தைலம் இருபத்துநாலு போத்தல்,
கேட்டவர்களோ இருபத்தாறு பேர்.
பால்மா ரின், சவர்க்காரம்,
மேடம் கழித்துவிட்ட பிறஷர் குக்கர்,
அதற்குள் திணித்த பேரீச்சம்பழம்.
கடைசியில் கம்பளியை உருவித் தோளில் போட்டேன்.
கடையில் புலி போட்டதுதான் மலிவு.
"அக்கா, மயில் போட்டதாப் பார்த்து எடு"
என்று தம்பி போனில் சொல்லியிருந்தான்.

குவைத் கவுண்டரில் சிவப்பு எழுத்து: 30.0
அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள்.
கைபிடியில் சுற்றி ஒட்டின துண்டிலும் 30.

நடுச்சாமத்தில் சார்ஜா.
மயிலை விரித்து, பாஸ்போட்டை உள்ளே செருகி,
கண்ணை மூடினால் பறப்பு எண் கூப்பிடுகிறார்கள்.
இரண்டு தரம் எழும்பி ஓடினேன்.
இரண்டும் வேறு ஊருக்கு.

கட்டுநாயக்காவில்
ஒரே நீல பிளாஸ்டிக் சுற்றின நூறு பெட்டிகள்.
என்னுடையதில் சேலைக்கரை கட்டியிருந்தது.
சுங்கத்தில் திறக்கச் சொன்னவன்
தைலத்தைக் கண்டதும் நெற்றியைத் தடவினான்.
ஒரு போத்தல் கொடுத்தேன்.
அவனுக்கும் நித்திரை இல்லைப் போல.

பஸ்ஸில் பெட்டிக்கும் ரிக்கெற் எடுக்க வேண்டியதாயிற்று.
புத்தளம் வரை நான் நின்றேன்,
பெட்டி இருந்தது,
பெட்டிமேல் ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தாள்.
அனுராதபுரத்தில் ஒரு சில்லு போனது.
வவுனியாவில் மற்றதும்.
அதற்குப் பிறகு
இழுக்கிறேனா தூக்கிறேனா என்றே தெரியவில்லை.
புளியங்குளத்தில் திரும்பி,
காடு, சென்றி இருந்த இடம், காடு,
காலில் செருப்பு இறுகி
நெடுங்கேணிச் சந்தியில் இறங்க ஐந்தரை.

தம்பி லான்ட்மாஸ்டரோடு நின்றான்.
நெல்லை விற்றுவிட்டு என்னை ஏற்றிப் போகிற திட்டம்.
செல்லத்துரை முதலாளியின் தராசடியில்
எட்டு மூட்டை இறக்கியாயிற்று.
"குவைத்தையே தூக்கிக்கொண்டு வந்திட்டியோ?"
நாட்டாமை ஒருவன் பெட்டியை வாங்கி
பகிடிக்குத் தராசில் வைத்தான்.

இருபத்தேழு.

பூட்டைப் பார்த்தேன். பூட்டு பூட்டினபடி.
சுங்கத்தில் போனது ஒரு போத்தல்.
ஒரு போத்தல் தைலம் மூன்று கிலோவா?
கைபிடித் துண்டைத் தம்பி வாசித்தான்.
பிறகு முள்ளைப் பார்த்தான்.
பிறகு மூட்டைகளை.
பத்துக்கு ஒன்று என்று
அவன் உதடு அசைந்தது.
எத்தனை போகம் என்று கணக்குப் பார்த்திருப்பான்,
பாதியில் விட்டுவிட்டான்.

முதலாளி கொப்பியை மூடவில்லை.
"வெய்யில் நாட்டில இருந்து வந்த பெட்டியெல்லோ தங்கச்சி,
ஈரம் வத்தியிருக்கும்."

மூட்டைக்கு இரண்டு கிலோ ஈரத்துக்கென்று
அவர் ஏற்கெனவே கழிப்பது எனக்குத் தெரியும்.
அந்தக் காசுக்கு மேலேதான்
நான் மாதா மாதம் உரத்துக்கு அனுப்பினேன்.

பெட்டியை இறக்கிவிட்டு
கம்பளியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு
நான் ஏறி நின்றேன்.

நாற்பத்தைந்து.

"நேற்றுப் பின்னேரம் ஐம்பது," என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
"பயணக் களைப்பு," என்றார் முதலாளி,
இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

தம்பி ஒன்றும் பேசவில்லை.
இறக்கின மூட்டைகளைத் திரும்ப ஏற்றத் தொடங்கினான்.
நாட்டாமை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
மறு முனையைப் பிடித்தான்.
நாளைக்கு யாரிடம் கொண்டுபோவது,
அவர் தராசு எப்படி,
எங்களுக்குத் தெரியாது.

கடைசியாகப் பெட்டி.
அதை நானே தூக்கி வைத்தேன்.
முப்பதுதான்.
தோளுக்குத் தெரியும்.